7.5 இன்ச் ரிம்மில் 205 டயர்: போலோ ஜிடி டிஎஸ்ஐயில் என் அனுபவம்

என் காரின் முன் இடது ரிம்முக்கு (டயர் மாட்டும் உலோகச் சக்கரம்) மறுபடியும் பெண்டு எடுத்தாகிவிட்டது. அந்தக் கடுப்பு அடங்குவதற்குள் ஒரு நண்பர் கேட்கிறார்: "உன்னோட போலோல இருக்கிற மாதிரியே 7.5 இன்ச் அலாய் ரிம் பாத்து வச்சிருக்கேன். 205 மி.மீ. அகல டயர் போடவா, 225 போடவா?" நேரில் பதில் சொன்னால் வார்த்தை தடித்துவிடும். எழுதினால் கொஞ்சம் நியாயமாக இருக்கப் பார்ப்பேன்.

வண்டியைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 1.2 லிட்டர் இன்ஜின், 105 பிஎஸ் சக்தி, 7 கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக். 2022ல் இந்தியாவில் ஃபோக்ஸ்வேகன் போலோ விற்பனையே நின்றுபோன பிறகு, வைத்திருப்பவர்கள் யாரும் லேசில் கொடுப்பதாக இல்லை. ஆரம்பகால ஜிடிகளில் வந்தது 185/60 ஆர்15 டயர், அதாவது அகலம் 185 மி.மீ., பக்கச்சுவரின் (சைடுவால்) உயரம் அந்த அகலத்தில் 60%, ரிம் விட்டம் 15 இன்ச். அதைக் கழற்றிவிட்டு 16 இன்ச் விட்டம், 7.5 இன்ச் அகலத்தில் ரிம் மாட்டினேன். போல்ட் அமைப்பு 5×100 (100 மி.மீ. வட்டத்தில் ஐந்து போல்ட்), நடு ஓட்டை 57.1 மி.மீ. வெளியில் வாங்கும் அலாயில் நடு ஓட்டை பெரிதாக இருந்தால் அதற்கான ரிங் போட்டே ஆக வேண்டும், இல்லையென்றால் நெடுஞ்சாலை வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். அதைவிட முக்கியம் போல்ட். ஃபோக்ஸ்வேகனின் ஒரிஜினல் போல்டுக்குத் தலைக்கு அடியில் உருண்டை வடிவம். வெளி அலாய்கள் பெரும்பாலும் கூம்பு வடிவ போல்டுக்குச் செய்தவை. பழைய போல்டையே முறுக்கி அனுப்பும் கடையிலிருந்து வண்டியை உடனே வெளியே எடுத்துவிடுங்கள்.

சரி, டயருக்கு வருவோம். ரிம் வாங்கிய கடையில் முதலில் மாட்டிக்கொடுத்தது 205/55 ஆர்16. "இந்த சைஸ்தானுங்க சார் எப்பவும் கிடைக்கும்." அது உண்மைதான், வெர்ட்டஸ், ஸ்லாவியா போன்ற கார்களுக்கும் அதே அளவு என்பதால் எந்தக் கடையிலும் அடுக்கி வைத்திருப்பார்கள். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 185/60 ஆர்15ன் மொத்த உயரம் 603 மி.மீ. 205/55 ஆர்16க்கு 632. கிட்டத்தட்ட 5% பெரிய சக்கரம் என்றால் எல்லா கியரும் அதே 5% நீண்டுவிடும். சிக்னலில் இருந்து கிளம்பும்போது வண்டி ஒரு ஆளைக் கூடுதலாக ஏற்றியது போல யோசிக்கும். பின்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்து பள்ளத்தில் இறங்கினால் உள்ளே உரசும் சத்தம் வேறு. பயணம் மெத்தென்றிருந்தது, அதை மறுக்கவில்லை. மெத்தைக்காகவா 7.5 இன்ச் ரிம் வாங்கினோம்?

அடுத்து 215/45 ஆர்16. அளவுப் பட்டியல்படி 7.5 ரிம்மில் தாராளமாக உட்காரும் டயர். மொத்த உயரம் 600, ஒரிஜினலுக்கு மிக அருகில். கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் அதை வைத்து ஓட்டியவர்களுக்குத் தெரியும், வளைவின் நடுவில் இன்னும் கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுத்தாலும் காரின் மூக்கு வளைவை விட்டு வெளியே ஓடாது. வெளியே வந்தால் கதை வேறு. சாலையில் நீளவாக்கில் ஒரு கோடு, ஒரு ஒட்டு இருந்தால் போதும், ஸ்டீயரிங் தானாக அந்தப் பக்கம் இழுக்கும். சைடுவால் உயரம் 97 மி.மீ.தான். மழைத்தண்ணீர் மூடிய ஒரு பள்ளத்தில் விழுந்ததும் சைடுவாலில் வீக்கம். வீங்கினால் உள்ளே நூல் அறுந்துவிட்டது என்று பொருள். ஒட்டுப் போட வழியில்லை, டயர் குப்பைக்கு.

இப்போது ஓடுவது 205/50 ஆர்16. உயரம் 611, அசலைவிட ஒன்றரை சதவீதம்கூட அதிகமில்லை. இந்த டயரைப் பற்றித்தான் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் ரசிப்பதும் திட்டுவதும் இதில் ஒரே இடத்திலிருந்து வருகின்றன.

டயரில் அச்சிட்ட 205 என்ற எண் தரையைத் தொடும் அகலம் அல்ல. சைடுவாலிலிருந்து சைடுவால் வரை உள்ள அகலம், அதுவும் ஒரு குறிப்பிட்ட ரிம்மில் மாட்டி அளந்தது. இந்த அளவுக்கு அந்த ரிம் 6.5 இன்ச். ரிம் அரை இன்ச் அகலமானால் டயர் சுமார் 5 மி.மீ. விரியும். ஆக என் ரிம்மில் இது 215க்குப் பக்கத்தில் நிற்கிறது. தரையில் படும் பட்டை அதனால் பெரிதாகக் கூடுவதில்லை. மாறுவது சைடுவாலின் நிலை. அளவு குறைந்த பனியனை இழுத்து மாட்டியது போல, தொங்கல் இல்லாமல் விறைத்து நிற்கிறது. 205/50க்கு அனுமதித்த ரிம் அகலம் 5.5 முதல் 7.5 வரை, அதாவது நான் உச்சியில் நிற்கிறேன்.

அந்த விறைப்பு ஸ்டீயரிங்கில் நேராகத் தெரிகிறது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும்போது 40 கொண்டை ஊசி வளைவுகள். 185 டயரில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முதலில் டயர் நெளியும், அப்புறம்தான் கார் திரும்பும். 205/50ல் அந்த 'அப்புறம்' கிடையாது, கை திரும்பும்போதே மூக்கும் திரும்புகிறது. 215 கொடுத்த கடைசிச் சொட்டுப் பிடிப்பு இல்லைதான். ஆனால் பிடிப்பு விடப்போவதை முன்கூட்டியே கையில் சொல்லிவிடுகிறது. 105 பிஎஸ் வண்டியில் எனக்கு வேண்டியது அதுதான். மழையில் தேங்கிய தண்ணீரிலும் 215ஐவிடத் தெம்பாக ஓட்டுகிறேன். டயர் அகலமாக ஆக, தண்ணீர் மேல் மிதக்கும் வேகம் குறையும் என்பது பலரும் மறந்துபோகும் விஷயம்.

திட்டுவதும் அந்த விறைப்பைத்தான். 7.5 இன்ச் என்பது டயர் உட்காரும் உள் அகலம். வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை அளந்தால் இன்னும் ஏறக்குறைய ஒரு இன்ச் வரும், அதுவும் 215 மி.மீ.தான். அதாவது டயரும் ரிம்மும் ஒரே கோட்டில் நிற்கின்றன. நடைபாதைக் கல்லில் லேசாக உரசினால் முதலில் தேய்வது ரப்பர் அல்ல, அலாய். பார்க்கிங் செய்துவிட்டு இறங்கியதும் குனிந்து ரிம்மைப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது, வீட்டில் சிரிக்கிறார்கள். பள்ளத்தில் விழுந்தால் இழுபட்ட சைடுவாலில் அமுங்க இடமில்லை, அடி நேராக விளிம்புக்குப் போகிறது. வளைந்த ரிம்மில் மெல்லக் காற்று இறங்கும். காலையில் ஒரு சக்கரத்தில் மட்டும் அழுத்தம் குறைந்திருந்தால் பஞ்சர் பார்ப்பதற்கு முன் ரிம்மைச் சுழலவிட்டுப் பாருங்கள். பெண்டு எடுத்த ரிம் மறுபடி அதே இடத்தில் வளைகிறதா, அல்லது என் கண்ணுக்குத்தான் அப்படித் தெரிகிறதா, இன்று அதில் நிதானமாகத் தீர்ப்புச் சொல்லும் நிலையில் நான் இல்லை.

225 பற்றி: 225/50 போட்டால் உயரம் 631. 205/55ல் பட்ட கியர் தொல்லை அப்படியே, உரசல் இன்னும் அதிகம், டயர் எடையும் கூடும். 225/45 கணக்குப்படி அருமையாகப் பொருந்தும், உயரம் 609. ஆனால் நான் விசாரித்த கடைகளில் அந்த அளவைக் கேட்டதும் 17 இன்ச் டயரைக் காட்டினார்கள்.

நண்பருக்கு என் பதில்: 225ம் வேண்டாம், 205ம் வேண்டாம், முதலில் அந்த 7.5 ரிம்மே வேண்டாம். 6.5 இன்ச் அகலத்தில் எடுத்து 195/55 ஆர்16 போடுங்கள். பிற்கால ஜிடியில் கம்பெனியே கொடுத்த அளவு அது. பலேனோவுக்கும் ஐ20க்கும் அதே அளவு என்பதால் நடுராத்திரியில் டயர் வெடித்தாலும் காலையில் பக்கத்து ஊரிலேயே கிடைக்கும். ரிம்மைத் தாண்டி ரப்பர் நிற்கும், நிம்மதியாகத் தூங்கலாம்.

எனக்கு? முன்பக்க டயர்கள் தேய்ந்து, காடிக்குள் இருக்கும் தேய்மான அடையாள மேட்டைத் தொட்டுவிட்டன. அதே 205/50ஐ மறுபடி சொல்லி வைத்திருக்கிறேன். அதிகம் ஓடாத அளவு என்பதால் கிடங்கில் கிடந்த பழைய சரக்கைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். சைடுவாலில் தயாரித்த வாரமும் வருடமும் நான்கு இலக்கமாக இருக்கும். கடைசி இரண்டு இலக்கம் போன வருடத்துக்கு முந்தியதாக இருந்தால் மாட்டவே விடமாட்டேன் என்று கடைக்காரரிடம் சொல்லியாகிவிட்டது.