சிறிய பட்ஜெட்டில் ஹாம் ரேடியோ: ஹேண்டியா, பழைய எச்எஃப் செட்டா, கிட்டா?

ஹாம் ரேடியோ (பொழுதுபோக்காக ரேடியோவில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் அமெச்சூர் ரேடியோ) லைசென்ஸ் கைக்கு வந்ததும் எழும் முதல் கேள்வி, "எந்த செட் வாங்கலாம்?" பணம் கொஞ்சம்தான் என்றால் பழைய ஹாம்கள் பலரும் ஒரே பதிலைச் சொல்வார்கள்: "மலிவா ஒரு ஹேண்டி வாங்குங்க, மத்ததை அப்புறம் பார்த்துக்கலாம்." அந்தப் பதிலில் எனக்குப் பாதி உடன்பாடுதான். ஹேண்டியை (வாக்கிடாக்கி போன்ற கையடக்க செட்டை) வாங்கி, நாள்கணக்கில் வெறும் இரைச்சலைக் கேட்டுவிட்டு, ஹாம் ரேடியோ என்றால் இவ்வளவுதான் போலிருக்கிறது என்று ஒதுங்கிப்போனவர்கள் உண்டு. அவர்களுக்கு வேறொரு வழி பொருந்தியிருக்கலாம். அதனால் குறைந்த செலவில் உள்ளே நுழைய இருக்கும் வழிகளை எதிரெதிரே வைத்துப் பார்ப்போம். அதற்கு முன், உங்கள் லைசென்ஸ் எந்தெந்த பேண்டுகளில் (அலைவரிசைத் தொகுதிகளில்) எவ்வளவு பவர் வரை அனுமதிக்கிறது என்று பாருங்கள். ஆரம்ப நிலை லைசென்ஸுக்கு எச்எஃப் பேண்டுகள் (3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை, வெகுதூரம் பேச உதவுபவை) எல்லாமே கிடைக்காமல் போகலாம். அங்கேயே ஒரு வழி அடைபடலாம்.

முதலில் ஹேண்டி. பாவ்ஃபெங் யுவி-5ஆர் போன்ற செட்டுகள்தான் இருப்பதிலேயே மலிவு. 2 மீட்டர், 70 சென்டிமீட்டர் (அலைநீளத்தால் வந்த பெயர்கள்) இரண்டு பேண்டிலும் எஃப்எம்மில் பேசலாம். பவர் 5 வாட்டுக்குள். ஆனால் இவை போன்ற உயர் அலைவரிசைகளில் தூரத்தைத் தீர்மானிப்பது உயரம். ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால், ரேடியோ அலைக்கான தொடுவானம் எத்தனை கிலோமீட்டர் என்று கிடைக்கும். தரையில் நிற்பவர் கையில் இருக்கும் செட்டுக்கு அது சுமார் 5 கிலோமீட்டர். எதிரிலும் ஒருவர் அப்படியே நின்றால் வெட்டவெளியில் 10. நடுவே கட்டடங்கள் வந்தால் அதில் பாதிகூடத் தேறாது. அதே சமயம் சுற்றுப்புறத்தைவிட 400 மீட்டர் உயர்ந்த மலைமேல் ஒரு ரிப்பீட்டர் (வரும் சிக்னலைக் கேட்டு மறுபடி அனுப்பும் நிலையம்) இருந்தால் அதன் தொடுவானம் 80 கிலோமீட்டரைத் தாண்டும். ஹேண்டி வைத்திருப்பவர் உண்மையில் அந்த ரிப்பீட்டரை நம்பித்தான் இருக்கிறார்.

அதனால் ஹேண்டி வாங்கலாமா என்ற கேள்விக்கு விடை செட்டின் தரத்தில் இல்லை. உங்கள் வீட்டிலிருந்து எட்டும் தொலைவில் ஒரு ரிப்பீட்டர் உயிரோடு இருக்கிறதா, மாலை நேரத்தில் அதில் ஆள் பேச்சு கேட்கிறதா என்பதுதான் கேள்வி. ஆம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். மெனுவில் தடுமாற்றம் இருக்கும்: ரிப்பீட்டர் ஒரு அலைவரிசையில் பேசும், இன்னொன்றில் கேட்கும் (2 மீட்டரில் வழக்கமான இடைவெளி 600 கிலோஹெர்ட்ஸ்), பல இடங்களில் சிடிசிஎஸ்எஸ் டோனும் (பேச்சோடு ஓடும் தாழ்சுருதிக் குறியொலி) சேர்த்து அனுப்பினால்தான் திறக்கும். ஒருமுறை மெமரியில் போட்டுவிட்டால் அப்புறம் தொல்லையில்லை. கூட வரும் குட்டை ரப்பர் ஆன்டெனாதான் இந்த செட்டின் பலவீனம். ஆன்டெனா கனெக்டரின் வெளிவளையத்தோடு 49 சென்டிமீட்டர் வயர் ஒன்றைத் தொடுமாறு இணைத்துத் தொங்கவிட்டாலே 2 மீட்டரில் பெரும்பாலும் முன்னேற்றம் தெரியும். அந்த நீளம் கால் அலைநீளம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். மிக மலிவான சில ஹேண்டிகள் தம் அலைவரிசையின் மடங்குகளிலும் வரம்பு மீறி சிக்னலைக் கசியவிடுகின்றன. வாங்குமுன் அந்த மாடலின் சோதனை முடிவுகளைத் தேடிப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது பழைய 100 வாட் எச்எஃப் செட். எல்லா பேண்டும், குரல், மோர்ஸ் (புள்ளியும் கோடுமான தந்திக் குறி), டிஜிட்டல் என்று எல்லாமே ஒரே பெட்டியில் கிடைக்கும். கண்டம் விட்டுக் கண்டம் குரலில் பேச வேண்டும் என்ற ஆசையோடு வருபவர்களுக்கு இதுதான் சரியான செட். செலவு மட்டும் செட்டோடு நிற்காது. 13.8 வோல்ட்டில் 20 ஆம்பியருக்கு மேல் தாங்கும் பவர் சப்ளை வேண்டும், ஆன்டெனாவுக்குப் போகும் கோஆக்ஸ் கேபிள் வேண்டும், ஆன்டெனா வேண்டும். செட்டுக்கே மொத்தப் பணத்தையும் கொட்டிவிட்டு, மிச்சத்துக்கு ஜன்னலில் ஏதோ ஒரு வயரைக் கட்டி ஏமாறுவது இந்த வழியில்தான் அதிகம் நடக்கிறது. வாங்கப் போகும்போது டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதிலாக பவரை உள்வாங்கிக்கொள்ளும் சாதனம்) ஒன்றை மாட்டி, ஒவ்வொரு பேண்டிலும் முழு பவர் வருகிறதா என்று பாருங்கள். ஒரு பேண்டில் மட்டும் பவர் தாழ்ந்தால் ஃபில்டரிலோ ரிலேயிலோ கோளாறு இருக்கலாம். எல்லாவற்றிலும் தாழ்ந்தால் அவுட்புட் டிரான்சிஸ்டரைச் சந்தேகியுங்கள். விற்பவர் "போன வாரம்கூட நல்லா வேலை செஞ்சது" என்று சொல்லிவிட்டு, ஆன் பண்ணிக் காட்டத் தயங்கினால் திரும்பி வந்துவிடலாம்.

மூன்றாவது வழி என் மனதுக்கு மிகவும் நெருக்கமானது: கியூஆர்பி கிட், அதாவது உதிரிகளாக வாங்கி நாமே கட்டும் குறைந்த பவர் செட். 5 வாட், ஒரே பேண்ட், மோர்ஸ் மட்டும். கியூஆர்பி லேப்ஸின் கியூசிஎக்ஸ்-மினி இந்த வகைக்கு நல்ல உதாரணம். குரலும் வேண்டும் என்றால் அஷர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் வரிசை உண்டு. எளிதில் கிடைக்கும் உதிரிகளைக் கொண்டு எவரும் கட்டிக்கொள்ளட்டும் என்று மின்சுற்றுப் படத்தைத் திறந்தே வைத்தவர் அவர். கிட்டைக் கட்டும்போது டொராய்டில் (வளைய வடிவ காந்தப்பொருளில்) சுற்றும் ஒவ்வொரு சுற்றையும் எண்ண வேண்டும். எனாமல் வயரின் பூச்சு சரியாக எரியாமல் சால்டர் ஒட்டாது போகும். தேர்வுக்கு மனப்பாடம் செய்த ஃபில்டர் உங்கள் விரல் நுனியில் உருவாகும். பிக்ஸி என்று இன்னும் மலிவான குட்டி கிட் ஒன்றும் இருக்கிறது. அதைக் கட்டிப் பழகுங்கள், ஆனால் முதல் செட்டாக நம்பாதீர்கள். பவர் 1 வாட்டுக்கும் கீழே, அலைவரிசையை கிரிஸ்டல் ஒரே இடத்தில் கட்டிப்போட்டிருக்கும், ரிசீவரிலோ ஒலிபரப்பு நிலையங்கள் தாமாக நுழைந்துவிடும்.

"வெறும் 5 வாட்டில் என்ன நடந்துவிடும்?" என்று கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 வாட் என்பது 5 வாட்டின் 20 மடங்கு, டெசிபெல்லில் 13. சிக்னலின் வலுவைக் காட்டும் எஸ் மீட்டரில் ஒரு படி 6 டெசிபெல். ஆக, 100 வாட்டில் எஸ்9 காட்டும் உங்கள் சிக்னல் 5 வாட்டில் எஸ்7ஐ ஒட்டி நிற்கும். இரண்டே படிதான் இறக்கம். எதிர்முனையில் இரைச்சல் அதிகமாக இருந்தால் அந்த இரண்டு படியில் குரல் மூழ்கிப்போகலாம். மோர்ஸ் தப்பித்துவிடும். குரலுக்கு 2400 ஹெர்ட்ஸ் அகலம் வேண்டும்; மோர்ஸை 250 ஹெர்ட்ஸ் ஃபில்டரிலேயே கேட்டுவிடலாம். அகலம் பத்தில் ஒரு பங்கானால் கூடவே நுழையும் இரைச்சலும் பத்தில் ஒரு பங்கு, அதாவது 10 டெசிபெல் லாபம். இழந்த 13இல் 10 அங்கேயே திரும்பிவிடுகிறது. சிறிய பட்ஜெட்டும் மோர்ஸும் இவ்வளவு பொருந்திப்போவதற்கு இதுதான் காரணம். அப்புறம், உங்கள் கால் சைனோடு (அழைப்புக் குறியீட்டோடு) சிக்யூ (யார் வேண்டுமானாலும் பதில் சொல்லலாம் என்ற அழைப்பு) அனுப்பிவிட்டு ரிவர்ஸ் பீக்கன் நெட்வொர்க் இணையதளத்தைத் திறந்து பாருங்கள். எங்கெங்கோ இருக்கும் தானியங்கி ரிசீவர்கள் உங்களைக் கேட்டதாக ஒவ்வொரு வரியாக வந்து விழும். அந்தச் சந்தோஷத்துக்கு வாட் கணக்கெல்லாம் தேவையில்லை.

மோர்ஸ் கற்கப் பொறுமையில்லாதவர்களுக்கு எஃப்டி8 என்ற டிஜிட்டல் முறை இருக்கிறது. 1993இல் இயற்பியல் நோபல் பெற்ற ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்க்கும் சேர்ந்து 2017இல் வெளியிட்டது. 15 விநாடிக்கு ஒருமுறை கணினிகள் மாறி மாறி அனுப்பும், காதுக்கு எட்டாத சிக்னலையும் பிடித்துவிடும். ஆன்டெனா எப்படி வேலை செய்கிறது என்று சோதிக்க இதைவிட நல்ல கருவி இல்லை. மனிதரோடு பேசும் சுகம் மட்டும் இதில் கிடைக்காது.

கேட்பது மட்டும் போதும் என்றால் செலவே இல்லை. நெதர்லாந்தின் டுவென்டே பல்கலைக்கழக வெப்எஸ்டிஆர் என்ற இணைய ரிசீவரை உலாவியில் திறந்தால் எச்எஃப் ஏறக்குறைய முழுதும் காதுக்கு வந்துவிடும். ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் (கணினியில் செருகும் சிறு ரிசீவர்) ஒன்று வாங்கினால் உங்கள் கூரைக்கு மேலே என்ன ஓடுகிறது என்று தெரியும், முன்னே சொன்ன ரிப்பீட்டர் கேள்விக்கும் விடை கிடைக்கும்.

எந்த எச்எஃப் செட்டை எடுத்தாலும் ஆன்டெனாவை நீங்களே கட்டலாம். அரை அலை டைபோலுக்கு (நடுவில் கேபிள் இணையும் வயர் ஆன்டெனா), 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் கிடைக்கும். 7.1க்கு 20 மீட்டர். நடுவில் வெட்டினால் பக்கத்துக்கு 10. 14 மெகாஹெர்ட்ஸில் இதில் பாதி போதும், 28இல் மொத்தமே 5 மீட்டர். கம்பம் ஒன்றே ஒன்றுதான் என்றால் நடுவை உயர்த்தி இரண்டு நுனிகளையும் கீழே இறக்கிக் கட்டுங்கள், இன்வெர்டெட் வீ ஆகிவிடும். வயரைக் கொஞ்சம் நீளமாகவே விட்டு எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் அளவு) பாருங்கள். மிகக் குறைந்த அளவு 7.0இல் வந்து, உங்களுக்கு 7.1 வேண்டுமென்றால், ஒவ்வொரு நுனியிலும் 14 சென்டிமீட்டர் குறைக்க வேண்டும். வெட்டிவிடாமல் மடித்து முறுக்கிப் பாருங்கள்; தவறினால் விரித்துக்கொள்ளலாம்.

என் தீர்ப்பு இதுதான். பேச்சு நடக்கும் ரிப்பீட்டர் எட்டும் தூரத்தில் இருந்து, ஊர்க்காரர்களோடு பேசுவதே உங்கள் விருப்பம் என்றால் ஹேண்டி. தூரத்துக்குக் குரலில் பேசியே ஆக வேண்டும் என்றால் பழைய 100 வாட் செட்டுக்குப் பணம் சேருங்கள். சேரும்வரை டைபோலைக் கட்டி ரிசீவரில் கேட்டுக்கொண்டிருங்கள். சால்டரிங் அயர்னைப் பிடிக்கவும் தினமும் கொஞ்ச நேரம் மோர்ஸ் பழகவும் மனமிருந்தால் 40 மீட்டர் (7 மெகாஹெர்ட்ஸ்) பேண்டுக்கு ஒரு கிட். பகலில் சில நூறு கிலோமீட்டர், இரவில் அதைவிட வெகுதூரம் என்று இரண்டு விதமாகவும் பலன் தரும் பேண்ட் அது. அதற்கான 20 மீட்டர் நீள வயரைக் கட்ட இடமில்லாதவர்கள், அதில் பாதி நீளமே போதுமான 20 மீட்டர் (14 மெகாஹெர்ட்ஸ்) பேண்டுக்கான கிட்டை எடுங்கள்.