ஸ்போர், நீஷ், த்ரைவ்: நெடுநாள் விளையாடியபின்

கற்பனை உயிர்களை உருவாக்கும் விளையாட்டுகளில் மூன்றை நான் கணினியிலிருந்து நீக்கியதே இல்லை. 2008-இல் வந்த ஸ்போர், 2017-இல் முழுமையாக வெளியான நீஷ், தன்னார்வலர்கள் இன்னும் கட்டிக்கொண்டிருக்கும் த்ரைவ். முதல் வாரத்தில் கேட்டிருந்தால் ஸ்போருக்குத்தான் முதலிடம் என்று சொல்லியிருப்பேன். ஆண்டுக்கணக்கில் விளையாடியபின் அந்த வரிசை தலைகீழாகிவிட்டது.

ஸ்போரின் உயிரி எடிட்டருக்கு இணையாக இன்னொன்றை நான் இதுவரை பார்க்கவில்லை. களிமண் உருண்டை போல ஓர் உடல் திரையில் வரும். முதுகெலும்பின் நுனியைப் பிடித்து இழுத்தால் வால் நீளும். ஒரு முள்ளெலும்பின் மேல் சுட்டியை வைத்து மவுஸ் சக்கரத்தைச் சுழற்றினால் அந்த இடம் மட்டும் பருக்கும் அல்லது மெலியும். காலை எங்கே வைத்தாலும் ஒட்டிக்கொள்ளும். முடித்துவிட்டுச் சோதனை அரங்குக்கு அனுப்பினால் அது எழுந்து நடக்கிறது! மூன்று கால் வைத்தால் மூன்று காலுக்குரிய நடை, ஒரு கால் குட்டையாக இருந்தால் அதற்கேற்ற சாய்வு. எந்த ஆட்டக்காரர் என்ன உடலைச் செய்வார் என்று எந்த ஓவியருக்கும் முன்கூட்டித் தெரியாது. அதனால் அசைவுகளை அந்தந்த உடலுக்கு ஏற்ப நிரலே அப்போதைக்கப்போது கணக்கிட்டுக்கொள்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். செய்து முடித்த உயிரியை ஸ்போர் ஒரு சிறிய பிஎன்ஜி படமாகச் சேமிக்கிறது. பார்ப்பதற்கு வெறும் படம்தான். அந்தக் கோப்பை நண்பருக்கு அனுப்பி, அவர் அதை விளையாட்டுக்குள் இழுத்துப் போட்டால், உயிரி முழுதாக அங்கே வந்து நிற்கும். உடலின் அளவு, உறுப்புகளின் இடம், நிறம் எல்லாமே அந்தப் படத்துக்குள் பொதிந்திருக்கின்றன. இந்த நிரலை எழுதியவர்களின் திறமையை நினைத்தால் இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது.

இவ்வளவு நல்ல கருவியைக் கையில் கொடுத்துவிட்டு, அதில் செய்த உடலை விளையாட்டு பொருட்படுத்துவதில்லை என்பதுதான் என் ஆறாத வருத்தம். கடியின் வலிமை வாயின் தரத்தையும், வேகம் பாதத்தின் தரத்தையும் பொறுத்தது. ஒரே திறனைத் தரும் உறுப்புகள் பல இருந்தால், அவற்றில் உயர்ந்தது மட்டுமே கணக்கில் வரும். கால் இரண்டா எட்டா என்பது ஒரு பொருட்டே இல்லை. தலைமுறைகளின் கதை இதைவிட மோசம். துணையோடு கூடியதும் எடிட்டர் திறக்கிறது. பழைய உறுப்புகளைக் கழற்றி, உறுப்பு வாங்கச் செலவிடும் டிஎன்ஏ புள்ளிகளாகத் திரும்பப் பெற்று, முற்றிலும் வேறொரு விலங்கையே செய்துவிடலாம். தாய்க்கும் குட்டிக்கும் இடையே ஓர் அடையாளம்கூட மிஞ்ச வேண்டியதில்லை. இதில் வடிவமைப்பு இருக்கிறது, பரிணாமம் இல்லை.

ஸ்போரில் இந்த உயிரிக் கட்டத்துக்கு அடுத்து வரும் கட்டங்களைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. பழங்குடிக் கட்டத்தில் நுழைந்ததும் உடல் அப்படியே நின்றுவிடும், பிறகு ஆடை அணிகலன்கள் மட்டும்தான். விண்வெளிக் கட்டம் பெரியது, ரசிகர்களும் உண்டு. உயிர்களுக்காக வந்தவர்களுக்கு அங்கே வேலை குறைவு.

நீஷில் வரைவதற்கு எதுவுமே இல்லை. ஸ்விட்சர்லாந்தின் ஸ்ட்ரே ஃபான் ஸ்டுடியோ உருவாக்கிய இந்த விளையாட்டில், நரியும் பூனையும் கலந்தாற்போன்ற சில விலங்குகளும் அறுகோணக் கட்டங்களாலான ஒரு தீவும் கிடைக்கும். நாள்தோறும் உணவு தேட வேண்டும். எந்த ஆணோடு எந்தப் பெண்ணைச் சேர்ப்பது என்பதுதான் உங்கள் கையில் இருக்கும் பெரிய முடிவு. குட்டிக்கு ஒவ்வொரு பண்புக்கும் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு அல்லீல்கள், அதாவது ஒரே மரபணுவின் மாற்று வடிவங்கள். ஓங்கு பண்பு வெளியே தெரியும், ஒடுங்கு பண்பு உள்ளே மறைந்திருக்கும். பள்ளியில் மெண்டலின் பட்டாணிச் செடிக்குக் கட்டம் போட்டு 3:1 என்று எழுதியவர்களுக்கு இந்தக் கணக்கு பழக்கமானதே. வேண்டிய பண்பு வரும் வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். வந்தே தீரும் என்ற உறுதி இல்லை.

இதன் ஆழம் நோய் எதிர்ப்பு மரபணுவில்தான் தெரிகிறது. நல்ல நகமுள்ள ஒரு தாயின் வாரிசுகளையே திரும்பத் திரும்ப ஒன்றோடொன்று சேர்த்தால், சில தலைமுறைகளில் மந்தை முழுக்க நகமுள்ளவையாகிவிடும். வேட்டை குறையில்லாமல் நடக்கும். அந்த நகத்தோடு சேர்ந்தே ஒரே வகை எதிர்ப்பு மரபணுவும் மந்தையில் பரவியிருக்கும். எதிர்ப்பு வகைகளை விளையாட்டு எழுத்துகளால் குறிக்கிறது. ஒரே எழுத்து இரட்டித்து வந்த குட்டி எதிர்ப்பாற்றல் குன்றிப் பிறக்கும். நோய் நுழைந்தால் முதலில் சாய்வது அதுதான். என் மந்தை அந்த நிலையில் இருந்தபோது புல்வெளி ஓரத்தில் ஒரு நாடோடி ஆண் வந்து நின்றது. நகம் இல்லை, வேட்டைக்கு உதவாது. ஆனால் அதன் எதிர்ப்பு எழுத்துகள் இரண்டும் எங்களிடம் இல்லாதவை. சேர்த்துக்கொண்டேன். அடுத்த தலைமுறையில் உணவுக்குத் திண்டாட்டம்தான். அதன் பேரக்குட்டி ஒன்றில் நகமும் புதிய எழுத்தும் ஒருங்கே வந்து சேர்ந்தபோது கிடைத்த நிறைவை, ஸ்போரில் நான் பார்த்துப் பார்த்துச் செய்த எந்த உயிரியும் தந்ததில்லை.

மந்தை பெருகியதும் நீஷ் அலுக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு விலங்கையும் தனித்தனியே நகர்த்திப் பழம் பறிக்க வைத்து ஒரு நாளை முடிப்பதற்குள் கை சோர்ந்துவிடும். மந்தையைச் சிறிதாக வைத்துக்கொள்வது நல்லது.

இப்போது என் மனம் அதிகம் ஒன்றியிருப்பது த்ரைவில். ஸ்போரின் கனவால் தூண்டப்பட்டவர்கள் அதை அறிவியலுக்கு நெருக்கமாகச் செய்யத் துணிந்த திறந்த மூல விளையாட்டு இது, அதாவது இதன் நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம். கடலடி வெந்நீர் ஊற்றருகே ஒற்றைச் செல்லாகத் தொடங்குகிறீர்கள். அம்மோனியாவும் பாஸ்பேட்டும் சேர்த்து இனப்பெருக்கத்துக்குத் தயாரானால் எடிட்டர் திறக்கும். ஒரு தலைமுறைக்குக் கிடைப்பது 100 மாற்றப் புள்ளிகள். ஸ்போரில் செய்வதுபோல எல்லாவற்றையும் கழற்றி மாற்ற அது போதாது. எதைச் சேர்த்தாலும் அதற்கு, செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபி செலவாகும். நீந்த உதவும் வால் போன்ற கசையிழை வைத்தால் வேகம் வரும், அதை அசைக்க ஆற்றல் வேண்டும். உடல் பெருத்தாலே பராமரிப்புச் செலவு ஏறும். எடிட்டரின் ஓரத்தில் ஆற்றல் வரவும் செலவும் இரண்டு பட்டைகளாகத் தெரியும். செலவுப் பட்டை நீண்டுவிட்டால் அந்த அழகிய செல் நீந்தத் தொடங்கியதுமே பட்டினியில் தவிக்கும்.

தொடக்கத்தில் தாராளமாகக் கிடைக்கும் குளுக்கோஸ் தலைமுறைக்குத் தலைமுறை குறைந்துகொண்டே வரும். அப்போது இரும்பையோ ஹைட்ரஜன் சல்பைடையோ ஒளியையோ நம்ப வேண்டும், இல்லையென்றால் மற்ற செல்களை விழுங்கிப் பிழைக்க வேண்டும். சுற்றியுள்ள இனங்களும் சும்மா இருப்பதில்லை, கணினி அவற்றையும் ஒவ்வொரு தலைமுறையிலும் மாற்றுகிறது. சென்ற தலைமுறையில் எனக்கு இரையாக இருந்த இனம் இந்தத் தலைமுறையில் நஞ்சோடு வருகிறது. என் செல்லின் உருவத்தில் நான் ஆசைப்பட்டு வைத்தது பாதிதான். மீதியைத் தீர்மானித்தது அந்த நீர்.

பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஸ்போர் எடிட்டர் ஒன்றே போதும், மற்றக் கட்டங்களைத் தொடாவிட்டாலும் பாதகமில்லை. மரபியல் படிக்கும் மாணவர் வீட்டில் இருந்தால் நீஷ் வாங்கலாம். த்ரைவை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் காசு கொடுத்து வாங்கினால் அது உருவாக்கத்துக்கு உதவும். அதில் நிறைவாக விளையாடக்கூடியது இப்போதைக்கு ஒற்றைச் செல் கட்டம்தான், அதற்கு மேலுள்ளவை இன்னும் முன்மாதிரிகளே. செல்களை ஒட்டவைத்துக் கூட்டுயிராக்க முதலில் உட்கரு வேண்டும். அதன் விலையும் ஆற்றல் செலவும் அதிகம். எனவே ஆற்றல் வரவு செலவைத் தாராளமாக மிஞ்சும்வரை அதைத் தொடாதீர்கள்.