ஸ்விஃப்ட் கரன்ட்டில் ஹாக்கிப் போட்டி: ஹோட்டலா, மோட்டலா?

மகனின் ஐஸ் ஹாக்கி அணியோடு, கனடாவில் கல்கரியிலிருந்து பக்கத்து மாகாணமான சஸ்காச்சுவானின் ஸ்விஃப்ட் கரன்ட்டுக்கு இரண்டு குளிர்காலம் போய்வந்தோம். முதல் முறை நீச்சல் குளம் உள்ள பெரிய ஹோட்டல். அடுத்த முறை, அறை வாசலிலேயே காரை நிறுத்தும் பழைய மோட்டல். இனி எங்களுக்கு மோட்டல்தான்.

வாடகை மோட்டலில் குறைவு, ஹோட்டலில் காலைச் சாப்பாடு உண்டு, இதெல்லாம் தெரிந்ததுதான். இரண்டு ஆட்டத்துக்கு நடுவே பிள்ளைகள் குளத்தில் அடிக்கிற கும்மாளத்துக்கு மோட்டலில் ஈடில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் முடிவு செய்ய வைத்தது கார். அந்தச் சமவெளியில் ஜனவரி இரவுகளில் மைனஸ் 30 டிகிரி வரை இறங்கும். எஞ்சின் ஆயில் கெட்டியாகும், பேட்டரி தளர்ந்துவிடும். அதற்காகத்தான் காரில் பிளாக் ஹீட்டர் இருக்கிறது. முன்பக்கம் தொங்கும் வயரை பிளக்கில் செருகிவைத்தால் எஞ்சின் சூடாக இருக்கும். நாங்கள் தங்கிய ஹோட்டலில் பிளக் உள்ள பார்க்கிங் இடங்கள் கொஞ்சம்தான். இரவு ஆட்டம் முடிந்து வருவதற்குள் எல்லாம் போய்விட்டன. காலை ஏழு மணி ஆட்டத்துக்குக் கிளம்பினால் வண்டி உயிர் பெறவில்லை. இன்னொரு பிள்ளையின் அப்பா தன் காரிலிருந்து கேபிள் போட்டுக் கிளப்பிவிட்டார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வார்ம்-அப் முடிந்திருந்தது. குளிர்காலத்தில் அங்கே கடிகாரம் கல்கரியைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். அவர்களுடைய ஏழு நமக்கு ஆறு.

மோட்டலில் ஒவ்வொரு வாசலிலும் ஒரு பிளக் இருந்தது. சன்னலைத் திறந்தால் கார். கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பிருந்து ஹீட்டர் ஓடினால் போதும். நாங்கள் இரவு முழுக்க விட்டுவைத்தோம், சாவியைத் திருப்பியதும் கிளம்பியது. ஹாக்கி பையைத் தூக்கிக்கொண்டு லிஃப்டுக்குக் காத்திருக்கவும் வேண்டாம். ஈரக் கையுறைகளையும் ஸ்கேட்டுகளையும் அறை ஹீட்டர் பக்கத்தில் நாற்காலி போட்டு உலர்த்தினோம். சின்ன அடுப்பும் இருந்ததால் இரவு ஒன்பதரைக்குச் சூடாகச் சோறும் ரசமும் கிடைத்தது. அப்புறம் பையன் குளத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை.

குறையும் உண்டு. டிரான்ஸ்-கனடா நெடுஞ்சாலையில் போகும் லாரிச் சத்தம் இரவெல்லாம் கேட்டது. நான் தங்கியது ஒரே மோட்டல், எல்லாம் அப்படியே இருக்கும் என்று சொல்ல மாட்டேன். கோடையில் பேஸ்பால் ஆட வருபவர்களுக்கு பிளக் பெரிய விஷயமில்லை. அவர்களுக்குக் குளம்தான் சரியாக இருக்கலாம், அந்த அனுபவம் எனக்கில்லை.

சுமார் 17,000 பேர் வாழும் ஊர். 2010, 2016 ஆண்டுகளில் உலகப் பெண்கள் கர்லிங் (பனித்தரையில் கல்லை வழுக்கிவிட்டு ஆடும் ஆட்டம்) போட்டியையே நடத்தியது. இருந்தாலும் அறைகள் அளவாகத்தான் உண்டு. ஆட்ட அட்டவணை வருவதற்கு முன்பே போன் செய்து, என் அறைக்கென்று பிளக் உண்டா, இரவில் மின்சாரத்தை நிறுத்துவீர்களா என்று கேளுங்கள். வெளியே, குளிரில் போடத் தகுந்த எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்றையும் டிக்கியில் வைத்துக்கொள்ளுங்கள்.