ஒரு ஸ்பானியச் சொல்லை வீட்டுக்குள் கொண்டுவர எது சரி: சீட்டா, அட்டையா, பேச்சா?

வீட்டில் புழங்கும் ஸ்பானியச் சொற்களைக் கற்க மூன்று வழிகள் சொல்வார்கள். பொருள்மேல் சீட்டு ஒட்டுவது, அட்டையில் எழுதித் திருப்பித் திருப்பிப் பார்ப்பது, அன்றாடப் பேச்சில் கலந்துவிடுவது. மூன்றையும் ஒரே வினைச்சொல்லில் வைத்துப் பார்த்தேன்: 'ரெக்கொஹேர்'. சிதறியதை எடுத்து வைப்பதற்கும் இதுதான், பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவதற்கும் இதுதான். தலைமுடியை அள்ளி முடிவதற்கும்கூட இந்தச் சொல் வரும்.

சீட்டு உடனே தோற்றது. வினைச்சொல்லை எங்கே ஒட்டுவது? சாப்பாட்டு மேசையில் ஒட்டினால் மேசைக்குப் பெயர் 'ரெக்கொஹேர்' என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். பெயர்ச்சொல்லுக்குச் சீட்டு நல்லதுதான், ஆனால் ஆண்பாலுக்கு 'எல்', பெண்பாலுக்கு 'லா' சேர்த்து எழுத வேண்டும். கைக்கு 'மானோ' என்று பெயர். ஓகாரத்தில் முடியும் சொற்கள் பெரும்பாலும் ஆண்பால்தான், ஆனாலும் அது 'லா மானோ'. குளிர்பதனப் பெட்டியில் எதை ஒட்டுவது என்பது இன்னொரு தலைவலி: ஸ்பெயினில் 'நெபேரா', அர்ஜென்டினாவில் 'எலாதேரா', மெக்சிகோவில் 'ரெஃப்ரிஹெரதோர்'. யாரோடு பேசப் போகிறோமோ அவர்கள் சொல்லை ஒட்ட வேண்டியதுதான். எப்படியும் பத்து நாளில் கண் அந்தச் சீட்டைப் பார்ப்பதையே விட்டுவிடும்.

அட்டைக்குப் பின்னால் நல்ல ஆதாரம் இருக்கிறது. எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து பார்த்து, மறதி முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடக்கிறது என்று 1885இல் எழுதினார். 1972இல் லைட்னர் என்பவர் அட்டைப் பெட்டி முறையைச் சொன்னார்: சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், அதை இன்னும் தள்ளித்தான் மறுபடி பார்ப்போம்; தவறினால் முதல் அறைக்கே திரும்பும். 'அன்கி' போன்ற செயலிகள் இந்த இடைவெளிக் கணக்கைத் தாமே போடுகின்றன. எழுத்து மாறும் இடங்களுக்கு அட்டைதான் கைகொடுத்தது; 'நான்' என்று வந்தால் 'ரெக்கோஹோ', அங்கே ஹகர ஒலிக்கான எழுத்தே வேறு. ஆனால் 'ரெக்கொஹேர் = பொறுக்கு' என்று ஒரே பொருளை எழுதி வைத்தேன், அது தப்பு. 'ரெக்கோஹே லா மேஸா' என்றால் மேசையைப் பொறுக்கு என்றா அர்த்தம்? சாப்பிட்டதை ஒதுக்கி வை என்று அர்த்தம்.

பேச்சில் போட்டபோதுதான் சொல் உயிர் பெற்றது. 'ரெக்கோஹே லோஸ் ஹுகேட்டெஸ்', பொம்மைகளை எடுத்து வை. 'கியென் ரெக்கோஹே அ லா நீஞா?', பாப்பாவை யார் கூட்டி வருவது? நடுவில் வரும் அந்த 'அ'வைக் கவனியுங்கள், ஆளைக் குறிக்கும்போது வரும், பொம்மைக்கு வராது. நாமும் 'பொம்மை எடு' என்போம், ஆனால் 'பாப்பா கூட்டி வா' என்று சொல்வதில்லை, 'பாப்பாவை' என்றுதான் சொல்வோம். இந்த ஒற்றுமை பிடிபட்டதும் அந்த 'அ' எனக்கு மறக்கவே இல்லை. மூன்றாம் நாள் என் எச்சில் தட்டைக் காட்டி மகள் 'ரெக்கோஹே!' என்று அதட்டினாள். அட்டையில் அவள் அதைப் பார்த்ததே இல்லை.

பேச்சிலும் ஒரு ஓட்டை உண்டு, திருத்த ஆள் இல்லை. சொல்லின் முதலில் வரும் ரகரத்தை நாக்கு அதிர உருட்ட வேண்டும் என்பது ஒலிப்பதிவைக் கேட்ட பிறகே தெரிந்தது. அதனால் இப்போது வினைச்சொல் வந்தால் முதலில் கேட்கிறோம், அப்புறம் இரண்டு நாள் பேச்சில் போடுகிறோம், அதன் பிறகுதான் முழு வாக்கியத்தோடு அட்டை.