ஸ்டியரிங்கை மாற்றுவதா, பிரேக் பெடலை மாற்றுவதா?

சென்ற ஆண்டு தீபாவளிக்கு முன்பு கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருந்தது. ஐந்து ஆண்டுகளாகக் கணினியில் கார் பந்தயம் ஓட்டப் பயன்படுத்திவந்த ஸ்டியரிங் செட் தளர்ந்துபோயிருந்தது. எதிரே இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, மோட்டாரின் தண்டிலேயே ஸ்டியரிங் பூட்டப்பட்டிருக்கும் ‘டைரக்ட் டிரைவ்’ வாங்கிவிட்டு, பழைய பெடல்களிலேயே காலத்தை ஓட்டுவது. மற்றொன்று, பழைய ஸ்டியரிங்கை அப்படியே வைத்துக்கொண்டு, காலின் விசையை அளக்கும் ‘லோட் செல்’ பிரேக் உள்ள பெடல் செட் வாங்குவது. இரண்டையும் சேர்த்து வாங்க வசதியில்லை. நான் பெடலை வாங்கினேன். எட்டு மாதம் ஓட்டிய பிறகு இதை எழுதுகிறேன், பெடல் பக்கம் சாய்ந்தேதான் எழுதுகிறேன்.

டைரக்ட் டிரைவின் பெருமையை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். லாஜிடெக் ஜி29 போன்ற பற்சக்கர ஸ்டியரிங்குகள் சுமார் 2 நியூட்டன் மீட்டர் திருப்புவிசையைத்தான் கைக்குத் தரும். ஆரம்ப விலை டைரக்ட் டிரைவ்களே 5 முதல் 8 வரை தருகின்றன. நடுவில் பற்சக்கரம் இல்லாததால் கடகட ஒலி இல்லை, மையத்தில் விசையே உணராமல் செத்துக்கிடக்கும் இடமும் இல்லை. நண்பர் ஒருவர் வைத்திருக்கிறார். அவர் வீட்டில் மூன்று மாலை நேரம் ஓட்டிப் பார்த்தேன். முன்சக்கரம் பிடியை இழக்கும் நொடியில் ஸ்டியரிங் கையில் இலேசாகிறது. பின்பக்கம் விலகத் தொடங்கினால் அதுவே எதிர்த்திசைக்குத் திரும்புகிறது. வழுக்கும் காரை மீட்பது அதில் எளிது, சந்தேகமே இல்லை. ராலி ஓட்டுபவர்களுக்கும், காரை வழுக்கவிட்டே ஓட்ட விரும்புபவர்களுக்கும் கணக்கு வேறாக இருக்கலாம். நான் தார்த்தடத்தில் மட்டுமே ஓட்டுகிறவன். மூன்று மாலை அனுபவத்தை வைத்து அதற்கு மேல் பேசுவது முறையாகாது.

ஆனால் அந்த மூன்று மாலைகளிலும் நான் தவறியது வளைவின் நடுவில் இல்லை. வளைவுக்கு முன்பே தவறினேன். பிரேக்கைக் கூடுதலாக மிதித்துச் சக்கரத்தைப் பூட்டினேன், அதாவது அது சுழலாமல் நின்று வழுக்கியது. அடுத்த சுற்றில் பயந்து குறைவாக மிதித்து ஓடுதடத்தை விட்டு வெளியேறினேன். என் வீட்டில் செய்யும் அதே பிழைகள்தான். விலையுயர்ந்த ஸ்டியரிங் அவற்றைத் தொடக்கூட இல்லை.

காரணம் இது. சாதாரண பெடல், கால் எவ்வளவு தூரம் இறங்கியது என்பதை அளக்கிறது. லோட் செல், கால் எவ்வளவு விசையோடு அழுத்துகிறது என்பதை அளக்கிறது. மளிகைக்கடை மின்னணுத் தராசுக்குள் இருப்பதும் இதே லோட் செல்தான்: ஓர் உலோகத் துண்டு எடைக்கு ஏற்ப மயிரிழை அளவு வளைகிறது, அதில் ஒட்டிய மெல்லிய உணரி அந்த வளைவை மின் அளவாக மாற்றுகிறது. உண்மையான பந்தயக் காரின் பிரேக் பெடலும் கல் போல இருக்கும். இறங்கும் தூரம் மிகக் குறைவு. ஃபார்முலா 1 ஓட்டுநர் பலமாகப் பிரேக் பிடிக்க வேண்டிய வளைவுகளில் நூறு கிலோவுக்கும் மேலான விசையைக் காலால் கொடுக்கிறார். அங்கே சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் கிடையாது. 1994-லேயே தடை செய்துவிட்டார்கள். இத்தாலியின் மோன்சா பந்தயத் தடத்தின் முதல் வளைவுக்கு மணிக்கு 330 கிலோமீட்டருக்கு மேல் வந்து நூறுக்கும் கீழே இறங்க வேண்டும். வேகமாகப் போகும்போது காற்று காரைத் தரையோடு அழுத்துவதால் பிடி அதிகம். வேகம் குறையக் குறைய அந்த அழுத்தம் போய்விடுகிறது. ஆகவே முதலில் முழு பலத்தோடு மிதித்து, உடனே சிறிது சிறிதாக விட்டுக்கொண்டே வர வேண்டும். திருப்பத் தொடங்கிய பிறகும் கொஞ்சம் பிரேக் மிச்சமிருந்தால்தான் முன்சக்கரத்தில் எடை நிற்கும், மூக்கு உள்ளே திரும்பும். இந்த ‘விடுதல்’தான் வேகமானவரையும் மற்றவர்களையும் பிரிக்கிறது.

தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது எவ்வளவு பலம் போட வேண்டும் என்று கைக்கு யாரும் சொல்லித்தருவதில்லை. இரண்டு முறை தூக்கினால் அதுவே பழகிக்கொள்ளும். கால் தசையும் அப்படித்தான். விசையை நினைவில் வைத்துக்கொள்ளும். கணுக்கால் எத்தனை டிகிரி இறங்கியது என்பதை அவ்வளவு துல்லியமாக வைத்துக்கொள்ளாது. 2014-இல் வெளியான அசெட்டோ கோர்சா என்ற கார் பந்தய விளையாட்டைத்தான் இன்னமும் ஓட்டுகிறேன். அதில் மோன்சா தடம், ஏபிஎஸ் இல்லாத டாட்டூஸ் நிறுவனப் பந்தயக் கார், இருபது சுற்று: இதுதான் என் சோதனை. பழைய பெடலில் ஏழெட்டு முறையாவது சக்கரம் பூட்டும். புதியதில் முதல் வாரம் அதைவிட மோசமாக ஓட்டினேன், தொடை வலித்தது. மூன்றாவது வாரத்திலிருந்து ஒன்றிரண்டு முறைக்கு மேல் பூட்டவில்லை. என் மிகச் சிறந்த சுற்று நேரம் பெரிதாகக் குறைந்துவிடவில்லை. ஆனால் இருபது சுற்றும் ஒன்றுக்கொன்று அருகில் வந்துவிட்டன, பந்தயத்துக்கு அதுதான் வேண்டும்.

இதையெல்லாம்விட என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு. பழைய பெடலில் இருப்பது பொட்டென்ஷியோமீட்டர். கரித் தடத்தின் மீது சிறிய உலோக நாக்கு ஒன்று ஒவ்வொரு மிதிக்கும் உரசிக்கொண்டு போகும். பழைய ரேடியோவின் வால்யூம் குமிழைத் திருப்பினால் கரகரக்குமே, அதே நோய் இதற்கும் வரும். காலை எடுத்த பிறகும் திரையில் பிரேக் கோடு 3 சதவீதம், 5 சதவீதம் என்று துள்ளும். நேர்ச்சாலையில் கார் யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போல முனகும். அடிமூடியைக் கழற்றி, தூசியைத் தட்டி, கான்டாக்ட் கிளீனரைப் பீய்ச்சி, பெடலைக் கையால் முப்பது நாற்பது முறை மேலும் கீழும் ஆட்டி, மறுபடி மூட வேண்டும். சென்னைத் தூசியில் எனக்கு அது மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேலை. ஒவ்வொரு முறையும் ஆயுள் கொஞ்சம் குறைகிறது, ஏனென்றால் தேய்ந்த கரியைச் சுத்தம் செய்து திரும்பக் கொண்டுவர முடியாது. டைரக்ட் டிரைவ் வாங்கியிருந்தால் இத்தனை பணம் கொடுத்த பிறகும் இந்த வேலை என் தலையிலேயே இருந்திருக்கும். லோட் செல்லில் உரசும் பாகம் இல்லை. தேய்வது பெடலுக்குப் பின்னால் இருக்கும் ரப்பர் துண்டு மட்டும். அது கைக்கு அடக்கமான பொருள், மாற்ற ஐந்து நிமிடம். (காந்தத்தால் அளக்கும் ஹால் சென்சார் பெடல்களிலும் தேய்மானம் இல்லை. ஆனால் அவையும் தூரத்தைத்தான் அளக்கின்றன.)

மறுவிற்பனையிலும் பெடலுக்கு வசதி உண்டு. பெரும்பாலான லோட் செல் பெடல்கள் யுஎஸ்பி வழியாகக் கணினியில் தனியாகவே வேலை செய்யும். எந்த நிறுவனத்தின் ஸ்டியரிங் வைத்திருப்பவரும் வாங்கலாம். டைரக்ட் டிரைவில் அடிமோட்டார், ஸ்டியரிங் வளையம், இரண்டையும் இணைக்கும் பூட்டு எல்லாம் பெரும்பாலும் ஒரே நிறுவனத்துக்குள் சிக்கிக்கொள்ளும். பிளேஸ்டேஷனில் ஓட்ட வேண்டுமென்றால் அதற்கு உரிமம் பெற்ற மாடலாக இருக்க வேண்டும்; இல்லையென்றால் வாங்க வருபவர்களில் பாதிப் பேர் அங்கேயே திரும்பிவிடுவார்கள்.

பெடல் பக்கமும் ஒரு செலவு ஒளிந்திருக்கிறது, அதைச் சொல்லியாக வேண்டும். முப்பத்தைந்து கிலோ விசையில் மிதித்தால் உருளும் நாற்காலி பின்னால் ஓடிவிடும். முதல் இரண்டு நாள் நாற்காலியை மேசைக்காலோடு கயிற்றால் கட்டி ஓட்டினேன். கட்டு இறுக, மேசையே நகர்ந்து வந்தது. பிறகு தெருமுனை வெல்டிங் பட்டறைக்குப் போய், இருக்கையும் பெடலும் ஒரே சட்டத்தில் நிற்கும்படி இரும்பு ஸ்டாண்டு ஒன்று செய்யச் சொன்னேன். “பெடலுக்கு இவ்வளவு கனமான பைப் எதற்குத் தம்பி?” என்று கேட்டார் பட்டறைக்காரர். கையோடு கொண்டுபோயிருந்த பெடலைச் சுவரோடு வைத்து மிதித்துப் பார்க்கச் சொன்னேன். மிதித்தார். “லாரி பிரேக் மாதிரி இருக்கிறதே” என்றவர், பெடல் உட்காரும் இடத்தில் கேட்காமலேயே இரண்டு குறுக்குத் தாங்கிகள் வைத்துக் கொடுத்தார். எட்டு மாதத்தில் அந்தச் சட்டம் ஒரு முறைகூட அசையவில்லை. அந்தக் கூலியையும் சேர்த்துப் பார்த்தாலும், நான் விசாரித்த டைரக்ட் டிரைவ் விலையில் பாதியைக் கொஞ்சம் தாண்டியதோடு செலவு முடிந்துவிட்டது.

ஏபிஎஸ் உள்ள ஜிடி3 வகைப் பந்தயக் கார்களை மட்டுமே ஓட்டுகிறவருக்கு இந்த வித்தியாசம் நான் சொல்வதைவிடக் குறைவாகவே தெரியும். மிதித்தாலும் சக்கரம் பூட்டாமல் கார் பார்த்துக்கொள்கிறது. வாடகை வீட்டில் அடிக்கடி இடம் மாறுபவர்கள் இரும்புச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போவதையும் யோசிக்க வேண்டும்.

சென்ற ஞாயிறு அந்த நண்பர் என் வீட்டுக்கு வந்தார். மோன்சாவில் பன்னிரண்டு சுற்று ஓட்டினார். ஸ்டியரிங் பற்றி முகம் சுளித்தார், அது நியாயம்தான். பிறகு கீழே குனிந்து, சட்டத்தின் பைப்பை விரலால் அளந்து பார்த்துவிட்டு, பட்டறைக்காரரின் தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.