அம்மாவின் கல்லறைக்குக் கல்: டெல்டா பட்டறைகளின் வேலை எப்படி?

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கத்துக் கிரானைட் பட்டறைகளில் கல்லறை வேலையை ஒரே தொகையாகத்தான் பேசுகிறார்கள். கல், மெருகு, எழுத்து, படம், பதிக்கும் கூலி எல்லாம் அதில் அடக்கம். கல்லைக் குறை சொல்ல முடியாது. டெல்டாவில் கல் ஏது? பெரிய கோயிலுக்கே வெளியிலிருந்துதான் வந்தது. கிருஷ்ணகிரி, மேலூர், குன்னம் பக்கத்துக் கற்கள் எல்லாப் பட்டறைக்கும் ஒன்றுபோலத்தான் வருகின்றன. வேலையின் தரம் தெரிவது கல்லுக்கு அடியிலும் எழுத்திலும். பேரம் பேசும்போது அந்த இரண்டைப் பற்றித்தான் யாரும் கேட்பதில்லை.

முதலில் அடித்தளம். முப்பதாம் நாள் பூசைக்குள் கல் பதித்துவிடலாம் என்று பட்டறைக்காரர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இங்கே களிமண். குழியை மூடிய மண் ஐப்பசி மழையில் ஊறி அமுங்கும். பெட்டி இற்றுப்போகும்போது இன்னொரு முறை இறங்கும். 6 அடிக்கு 2½ அடி, 20 மி.மீ. கல் ஏறக்குறைய 80 கிலோ. மணலைப் பரப்பி, கலவை போட்டு, அதன்மேல் இதை வைத்தால் தலைமாட்டுப் பக்கம் சாயும், இல்லையென்றால் நடுவில் விரிசல் விடும். ஒரு மழைக்காலம் முழுக்கப் போகட்டும். அதுவரை மரச்சிலுவை போதும். பிறகும் செங்கல் கட்டுமானத்தைக் குழியை மூடிய மண்மேல் எழுப்பக் கூடாது. குழியின் இருபுறமும் அரை அடியாவது தாண்டி, வெட்டாத மண்ணில் உட்காரும்படி 8 மி.மீ. கம்பி கட்டி 3 அங்குலக் கான்கிரீட் பலகை போடச் சொல்ல வேண்டும். பக்கத்திலும் புதுக் குழி இருந்தால் இதுவும் நிற்காது, காத்திருப்பதுதான் வழி. கால்மாட்டுப் பக்கம் அரை அங்குலச் சரிவு வைத்தால் தண்ணீர் தேங்காது. இதையெல்லாம் ஆரம்பிக்குமுன் பங்குத்தந்தையிடமோ சபைக் கமிட்டியிடமோ நிரந்தரக் கட்டுமானத்துக்கு எழுத்தில் அனுமதி வாங்கிவிடவும். இடத்தை மறுபடி பயன்படுத்துகிற கல்லறைத் தோட்டங்களில் கட்ட விடமாட்டார்கள்.

எழுத்தில், லேசர் பார்க்க அழகு. முகப் படத்துக்கு அதுதான் சரி, ஆனால் கறுப்புக் கல்லில் மட்டும். எழுத்துக்கு அது ஆழம் போதாது. மெழுகும் எண்ணெயும் படிந்தால் பெயர் மங்கிவிடும். மணல் வீசி வெட்டுகிற சாண்ட் பிளாஸ்டிங்கில் 2 மி.மீ. ஆழமாவது கேளுங்கள். தங்க வண்ணம் வெயிலில் போய்விடும், பள்ளம் இருந்தால் பிறகு பூசிக்கொள்ளலாம். மெல்லிய எழுத்துரு வேண்டாம். மணல் வீசுமுன் எழுத்தை வெட்டிக் கல்லில் ஒட்டுகிற ரப்பர் ஒட்டுத்தாளில் ‘ணை’, ‘ஞ’ சுழிகள் பிய்ந்துபோகும், புள்ளி காணாமல் போகும். கூலி எழுத்துக் கணக்கு என்றால் ‘கொ’ ஒன்றா மூன்றா என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். சண்டை அங்கேதான் வரும்!

கைபேசியில் அனுப்பும் வாசகம் பட்டறைக் கணினியின் பழைய எழுத்துருவுக்கு மாறும்போது கொம்பும் காலும் இடம் மாறும். வெட்டுமுன் முழு அளவில் அச்செடுத்து, குடும்பத்தில் கண் நன்றாகத் தெரிகிற ஒருவர் எழுத்தெழுத்தாகப் பார்க்க வேண்டும். மாதிரி வாசகங்கள் இன்னொரு தொல்லை. பட்டறையில் இருக்கிற ‘கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்’ லுத்தரன், சி.எஸ்.ஐ. போன்ற புராட்டஸ்டன்ட் வீட்டுக்குச் சரி. பூசைக்குப் போன கத்தோலிக்க அம்மாவின் காதில் விழுந்தது ‘ஆண்டவரே என் ஆயர்’. ‘சங்கீதம் 23’, ‘திருப்பாடல் 23’ வித்தியாசமும் அப்படியே. ‘பாசமிகு அன்னை’ எல்லாக் கல்லிலும் இருக்கிறது. மரியாயின் சேனை என்ற கத்தோலிக்க பக்த சபையிலோ கோயில் பெண்கள் சங்கத்திலோ இத்தனை ஆண்டு இருந்தார் என்று ஒரு வரி சேர்த்தால் அந்தக் கல் அவருடையதாகிறது.

தொண்ணூறு வயதுக்காரரின் பிறந்த நாளை ஆதாரிலிருந்து எடுக்க வேண்டாம். ஆண்டு மட்டும் சொன்னவர்களுக்கு அதில் ஜனவரி 1 என்றுதான் விழுந்திருக்கும். பங்கின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு வெட்டக் கொடுங்கள்.

நீண்ட நாள் வாழ்ந்த அம்மா பெரும்பாலும் கணவருக்குப் பின் போனவர். அவர் கல்லிலேயே இவர் பெயருக்கு இடம் விட்டிருந்தால் பெயர்த்தெடுக்காமல், அங்கேயே உளியால் வெட்டத் தெரிந்த ஆளைத் தேடுங்கள். இயந்திரத்துக்காகப் பெயர்த்தால் பழைய கல் விளிம்பு உடையும். புதுக் கல்லை அருகில் போட்டாலும் நிறம் ஒத்துவராது.

நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குள் வேண்டுமென்று அக்டோபரில் போய் நின்றால் எந்தப் பட்டறையும் அவசர வேலைதான் செய்யும், மழையில் கலவையும் இறுகாது. ஆடியிலேயே சொல்லிவிடுவது நல்லது. உருகிய மெழுகை வெந்நீர்த் துணியால் எடுக்கவும். ஆசிட் தொடவே கூடாது.

தொகையில் கால் பங்கை ஒரு மழை முடிந்த பிறகு தருகிறோம் என்று கேட்டுப் பாருங்கள். சம்மதிக்கிற பட்டறைக்கு முழு வேலையையும் கொடுக்கலாம். சம்மதிக்காவிட்டால் கல்லையும் எழுத்தையும் மட்டும் வாங்கிக்கொண்டு, அடித்தளத்தை ஊர்க் கொத்தனாரிடம் விட்டுவிடுங்கள்.