பிக்கப் கதவின் காற்றுச் சத்தமும் 'D' வடிவ ரப்பர் பீடிங்கும்

தோவாளைச் சந்தையில் விடியுமுன் பூ ஏற்றிக்கொண்டு திருநெல்வேலிக்கு ஓடும் என் பிக்கப் வண்டிக்கு வயது ஒன்பது. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி, முப்பந்தல் காற்றாலைகளுக்கு இடையே 944ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் வேகம் 70 கிலோமீட்டரைத் தொட்டதும், ஓட்டுநர் பக்கக் கதவின் மேல் மூலையிலிருந்து சீழ்க்கை அடிப்பது போன்ற ஓசை எழும். 80-ஐத் தாண்டினால் அது இரைச்சலாகி, பக்கத்தில் இருப்பவரின் பேச்சை விழுங்கிவிடும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை நிலைமை இன்னும் மோசமாகி, வீடு திரும்பிய பிறகும் வலது காது அடைத்தாற்போலவே இருக்கும். இதற்காக நான் வாங்கிப் பொருத்திய, தானே ஒட்டிக்கொள்ளும் 'D' வடிவ ரப்பர் பீடிங்கை, அதாவது கதவிடுக்கை அடைக்கும் ரப்பர் பட்டையை, ஒரு காற்றுக் காலம் முழுவதும் பயன்படுத்திப் பார்த்த பின்பே இதை எழுதுகிறேன்.

பீடிங் வாங்கக் கிளம்பிய என்னை முதலில் தடுத்தவர் எனக்குப் பழக்கமான டிங்கரிங் பட்டறைக்காரர். "ரப்பர் வாங்குறதுக்கு முன்னாடி காத்து எங்க நுழையுதுன்னு பாத்துருவோம் அண்ணாச்சி" என்றார். செய்தித்தாளைக் கீற்றாகக் கிழித்துக் கதவிடுக்கில் வைத்து, கதவை மூடி இழுத்துப் பார்த்தோம். கீழ்ப்பக்கத்தில் தாள் கிழிந்ததே தவிர வரவில்லை. கண்ணாடிச் சட்டத்தின் மேல் மூலையிலோ வெண்ணெயில் விட்ட நூல்போல வழுக்கிக்கொண்டு வந்தது. பிறகு பெயின்ட் அடிப்பவர்கள் ஒட்டும் காகித டேப்பால் அந்தக் கதவின் இடுக்கு முழுவதையும் வெளியிலிருந்து மூடி, இடப்பக்கக் கதவு வழியே ஏறி, காவல்கிணறு வரை ஓட்டிப் பார்த்தேன். சத்தம் அடங்கியிருந்தது. டேப்பைத் துண்டு துண்டாக உரித்துக்கொண்டே மீண்டும் ஓட்டியபோது, முன்தூணின் (முன்கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவே கூரையைத் தாங்கும் சட்டம்) உச்சியிலிருந்து கூரையோரமாக ஏறத்தாழ இரண்டு அடி நீளம் மட்டுமே குற்றவாளி என்பது உறுதியானது.

அந்த இடத்தில் மட்டும் ஏன் என்பதற்குக் காரணம் உண்டு. முன்கண்ணாடியில் மோதும் காற்று முன்தூணைச் சுற்றி வளையும்போது வேகமெடுக்கிறது, அங்கே அழுத்தம் குறைகிறது. கேபினுக்குள் இருக்கும் அழுத்தம் அதைவிட அதிகமாக இருப்பதால் கதவின் மேற்சட்டம் வெளிப்பக்கமாக இழுபடுகிறது. நின்ற வண்டியில் பொருந்தியே தோன்றும் பழைய ரப்பர், ஓடும் வண்டியில் வாய் பிளப்பது இதனால்தான்.

கதவு வந்து மாட்டும் லாக் கொக்கியின் திருகுகளைத் தளர்த்தி, பழைய இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, சுமார் ஒரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளி முடுக்கினார் பட்டறைக்காரர். செலவே இல்லாத இந்த வேலையிலேயே சத்தம் பாதி குறைந்துவிட்டது என்பதை, பீடிங்கின் பெருமையைச் சொல்லும் முன் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

மீதிப் பாதியைத் தீர்த்தது பீடிங். என் அவசரத்தில் முதலில் வாங்கியது 12 மில்லிமீட்டர் உயரமுள்ளது. கதவை அறைந்தால்தான் மூடியது, இப்படியே விட்டால் கீல்தான் தேயும் என்று அன்றே உரித்தெடுத்தேன். பிறகு பிள்ளைகள் விளையாடும் களிமண்ணைப் பாலித்தீனில் சுற்றி இடுக்கில் வைத்துக் கதவை மூடி, நசுங்கிய களிமண்ணின் தடிமனை அளந்ததில் 5 மில்லிமீட்டர் இருந்தது. உள்ளே குழலாக இருக்கும் இத்தகைய ரப்பர், தன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு நசுங்கினால் நன்றாக அடைக்கும் என்பதால் 8 மில்லிமீட்டர் உயரமுள்ளதை வாங்கினேன். அது சரியாக அமைந்தது. வாங்கும்போது இ.பி.டி.எம். (EPDM) என்னும் செயற்கை ரப்பர்தானா என்று கேட்டு வாங்குங்கள். வெயிலையும் ஓசோனையும் அது தாங்கும், மலிவான பஞ்சுப் பட்டை ஒரே கோடையில் பொடிந்துவிடும்.

ஒட்டுவதில்தான் இந்தப் பொருளின் பலவீனம் தெரிகிறது. பசையின் முழுப் பிடிப்புக்கு 72 மணி நேரம் ஆகும் என்பதால், இடத்தை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்தபின் இழுக்காமல் அழுத்தி ஒட்டி, மூன்று நாட்கள் வண்டியைக் கழுவாமல் வைத்திருந்தேன். நேரான பகுதி அசையவே இல்லை. முன்தூண் வளையும் மூலையில் மட்டும் நான்காம் மாதம் ஒரு விரல் நீளம் எழும்பி, மீண்டும் துடைத்துப் புதுத் துண்டு ஒட்ட வேண்டியதாயிற்று. ரப்பர் மென்மையாக இருக்க சிலிக்கான் ஸ்பிரே போதும். கிரீஸோ எஞ்சின் எண்ணெயோ பட்டால் இ.பி.டி.எம். ஊதிப்போகும். கதவின் அடிப்பக்கம் ஒட்டவே வேண்டாம்: அங்குள்ள மழைநீர்த் துளைகள் அடைபட்டால் தகடு உள்ளிருந்து துருப்பிடிக்கும்.

இந்த ஆண்டு ஆடிக் காற்றில் முப்பந்தலை 80-இல் கடந்தபோது, கதவோரச் சீழ்க்கை முற்றிலும் நின்றிருந்தது. பின்னால் வரும் வண்டியைக் காட்டும் பக்கக் கண்ணாடியின் அடியிலிருந்து வரும் மெல்லிய உறுமல் மட்டும் இப்போது கேட்கிறது. அது கதவு ரப்பரால் தீராது, அந்தக் கண்ணாடியின் முக்கோண அடித்தள ரப்பரை மாற்றித்தான் பார்க்க வேண்டும்.